பச்சை குத்தும் தொழில்

பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள தமிழகத்தில், கைகளிலும் புயங்களிலும் கோலம், தேள், மீன் முதலிய உருவங்களை ஊசியால் அழியாது பொறிக்கும் பச்சை குத்துதல், ஊர் ஊராகச் சென்ற குறவர் பெண்களின் கைத்தொழிலாக விளங்கியதை, 1885 இல் சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுமட்பானையில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து மை செய்தனர். சேர்த்துக் கட்டிய நாலைந்து தையலூசிகளால் அதைத் தோலினுள் செலுத்துகையில், குத்திக்கொள்பவர் நோவை மறக்கப் பாட்டும் பாடினர். ஒரு புள்ளிக்குக் கால் அணாவும் நுண்ணிய கோலத்துக்கு 12 அணா வரையும் பெற்ற இவர்களுக்கு நாட்டுப்புறங்களில் அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு ஆகியனவே கூலியாயின.