ரெண்ட்சினா மண்

ரெண்ட்சினா மண் என்பது சுண்ணாம்புக்கல், சீமைச்சுண்ணாம்பு, டோலமைட்டு போன்ற கார்பனேட்டு மிகுந்த பாறைகளின் மீது நேரடியாக உருவாகும், ஆழம் குறைந்த, கருநிற மண்வகை ஆகும். இதில் கால்சியமும் மட்கும் நிறைந்துள்ளன. பாறையிலிருந்து உடைந்த சரளைக்கற்கள் மண் முழுவதும் கலந்து காணப்படும். ஐரோப்பாவின் சுண்ணாம்புக்கல் மலைகளில், குறிப்பாக வறண்ட காட்டுச் சரிவுகளில், இம்மண் பரவலாக உள்ளது. செருமனியின் சுவாபியன் ஆல்ப், பிரான்சு-சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள சூரா மலைகள், போலந்தின் கிராக்கோவ்-செஸ்டோகோவா மேட்டுநிலம், இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகள் ஆகியவை இம்மண் காணப்படும் இடங்களுள் சில.

பெரும்பாலான இடங்களில் இம்மண்ணின் ஆழம் 30 செ.மீ.க்கும் குறைவே. இந்த மெல்லிய மண்ணை உருவாக்குவதிலும், சரிவில் நிலைநிறுத்துவதிலும் காட்டுக்கு முதன்மையான பங்கு உண்டு. காடு அழிந்தால் மண் சில பத்தாண்டுகளில் அரித்துச் செல்லப்படலாம். அது மீண்டும் உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் தேவைப்படும்.

பெயர்

ரெண்ட்சினா என்பது போலந்து நாட்டு உழவர்களின் பேச்சுவழக்குச் சொல்லாகும். ஆழமற்ற, கல் நிறைந்த நிலத்தை உழும்போது கலப்பையின் கொழு கற்களில் உரசி எழுப்பும் ஓசையுடன் இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் மண்ணியலில் இடம்பெற்றது. பின்னர் செருமன், பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் கலைச்சொல்லாக வழங்கலாயிற்று.

உருவாகும் முறை

கருங்கல் போன்ற பாறைகள் சிதையும்போது பாறையின் பெரும்பகுதி மணலாகவும் களியாகவும் மாறி அதே இடத்தில் மண்ணாகத் தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மழைநீர் மண்ணின் ஊடாக இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வலுவற்ற கார்பானிக் அமிலமாகிறது. இவ்வமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, நீரில் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டை உண்டாக்குகிறது. இவ்வாறு பாறையின் பெரும்பகுதி கரைந்து, நீருடன் ஊற்றுகளுக்கும் ஆறுகளுக்கும் சென்றுவிடுகிறது. பாறையில் முன்பே சிக்கியிருந்த, கரையாத களித்துகள்கள் மட்டுமே எஞ்சுகின்றன.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சுண்ணாம்புக்கல்லில் கரையாத பொருள் 2 விழுக்காடு உள்ளது எனக் கொள்வோம். அடர்த்தி வேறுபாட்டைக் கருதாவிட்டால், 1 செ.மீ. தடிப்புள்ள களிப்படிவு எஞ்சுவதற்கு 50 செ.மீ. தடிப்புள்ள பாறை கரைய வேண்டும். ஈரமான மிதவெப்ப மண்டலத்தில் சுண்ணாம்புப் பாறை 1000 ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் அளவே கரைகிறது. ஆகவே அந்த 1 செ.மீ. களி சேர ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகும். கடைசிப் பனிக்காலம் முடிந்து இன்றுவரை கடந்த காலமும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இக்களியுடன் உதிர்ந்த இலைகளும் இறந்த வேர்களும் மட்கிக் கலக்கின்றன. பாறையிலிருந்து தொடர்ந்து கிடைக்கும் கால்சியம் அயனிகள், களித்துகள்களையும் மட்கையும் பாலம்போல் இணைத்து உறுதியான கூட்டுப்பொருளாக்குகின்றன. அமிலத்தன்மை இல்லாத இம்மண்ணில் மண்புழுக்கள் மிகுதியாக வாழ்ந்து இக்கலவையை மேலும் மேலும் புரட்டுகின்றன. இதனால் மண் கருமையாகவும், கையில் எடுத்தால் சிறு மணிகளாக உதிர்வதாகவும் அமைகிறது. பாறை தரும் களி மிகக் குறைவு என்பதால், இம்மண்ணின் கருமையும் வளமும் பெரிதும் காட்டின் இலைகளிலிருந்தே வருகின்றன.

மண்ணின் அமைப்பு

நன்கு வளர்ந்த மண்ணின் குறுக்குவெட்டில் பொதுவாக மூன்று அடுக்குகளைக் காணலாம். மட்கு கலந்த மேலடுக்கு ஏ என்றும், களியும் கனிமங்களும் திரண்ட நடு அடுக்கு பி என்றும், சிதைந்த மூலப்பாறை சி என்றும் குறிக்கப்படும். ரெண்ட்சினாவில் நடு அடுக்கு இருப்பதில்லை. கரிய ஏ அடுக்கு நேரடியாக வெண்மையான அல்லது சாம்பல் நிறமான பாறையின்மீது அமர்ந்திருக்கும். சாலைக்காக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் இந்த நிறவேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

மண்ணில் கார்பனேட்டு உள்ளதா என அறிய, களஆய்வில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விடுவர். கார்பனேட்டு இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நுரை எழும். ரெண்ட்சினாவின் மேற்பரப்பில் சுண்ணாம்பு ஓரளவு கரைந்து போயிருந்தாலும், அதிலுள்ள சரளைக்கற்களும் அடியிலுள்ள பாறையும் நன்றாக நுரைக்கும்.

ஆசுதிரிய மண்ணியலாளர் வால்ட்டர் குபியேனா 1953இல் வெளியிட்ட ஐரோப்பிய மண் வகைப்பாட்டில் இம்மண்ணின் பல வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். பாறைமீது முதன்முதலில் தோன்றும் மெல்லிய மண் முன்ரெண்ட்சினா எனப்பட்டது. மண்புழுக்களின் செயற்பாட்டால் முதிர்ந்தது முல் ரெண்ட்சினா எனவும், குளிர்ந்த மலைகளில் மட்காத இலைத்திரள் தடித்துக் காணப்படுவது டாங்கெல் ரெண்ட்சினா எனவும் பெயர் பெற்றன. சமதளங்களில் மிக நீண்ட காலம் அரிப்பின்றிக் கிடந்தால், கரையாத களி மேலும் திரண்டு பழுப்பு நிறக் களிமண்ணாக மாறும். சரிவுகளில் மண் தொடர்ந்து நகர்வதால் அந்நிலையை எட்டுவது அரிது.

கரிசல் மண்ணிலிருந்து வேறுபாடு

நிறத்தை மட்டும் பார்த்து இதனைத் தமிழ்நாட்டின் கரிசல் மண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கரிசல் மண் பொதுவாக ஆழமானது. நீரில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களியால் ஆனது. அதில் மட்கின் அளவு குறைவு. ரெண்ட்சினாவின் கருமை மிகுதியான மட்கினால் வருவது. அது பெரும் வெடிப்புகளை உண்டாக்குவதில்லை. கரிசல் மண்ணில் காணப்படும் சுக்கான் கற்கள், மண்நீர் ஆவியாகும்போது கால்சியம் கார்பனேட்டு படிந்து உருவானவை. ரெண்ட்சினாவின் சரளைகளோ மூலப்பாறையின் உடைந்த துண்டுகளே.

நீர்

ரெண்ட்சினா உள்ள பகுதிகள் பலவற்றில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் மண் வறண்டே இருக்கும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அடியிலுள்ள பாறையின் வெடிப்புகள் வழியாக நீர் விரைவில் கீழிறங்கிவிடுகிறது. இரண்டாவது, மண்ணின் ஆழம் குறைவு. மூன்றாவது, அந்த ஆழத்திலும் ஒரு பகுதியைக் கற்கள் அடைத்துக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. ஆழமுள்ள மண்ணில் பாதிக் கனஅளவு சரளைக்கற்கள் எனவும், எஞ்சிய நுண்மண் தன் கனஅளவில் 20 விழுக்காடு அளவுக்குத் தாவரங்களுக்குக் கிடைக்கும் நீரைத் தேக்கி வைக்கும் எனவும் கொள்வோம். மொத்த நீர் 30 மி.மீ. மட்டுமே, அதாவது சதுர மீட்டருக்கு 30 லிட்டர். கோடையில் ஒரு காடு நாளொன்றுக்கு 3 மி.மீ. நீரைப் பயன்படுத்தினால், பத்து நாட்களில் இருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் பாறை வெடிப்புகளுக்குள் வேரோட்டிய மரங்களே தாக்குப்பிடிக்கும். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுகள் கூடுதல் வெயிலைப் பெறுவதால் அங்கு வறட்சி இன்னும் கடுமையாக இருக்கும்.

சுண்ணாம்பும் ஊட்டச்சத்துகளும்

ரெண்ட்சினாவின் பி.எச். மதிப்பு பொதுவாக நடுநிலையிலிருந்து சற்றுக் காரத்தன்மை வரை இருக்கும். கால்சியமும் நைதரசனும் போதுமான அளவில் உள்ளன. ஆனால் இரும்பு, மாங்கனீசு ஆகியன இச்சூழலில் கரையாத சேர்மங்களாகிவிடுகின்றன. பாசுபரசு கால்சியத்துடன் இணைந்து கால்சியம் பாசுபேட்டாகிக் கட்டுண்டுவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேர்களால் அதை எடுக்க இயலாமையால், சில தாவரங்களின் இளம் இலைகள் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகிவிடும். இது சுண்ணாம்பால் ஏற்படும் பச்சையச்சோகை எனப்படும்.

இந்த அடிப்படையில் தாவரங்களைச் சுண்ணாம்பு விரும்பிகள், சுண்ணாம்பு வெறுப்பிகள் என இருவகைப்படுத்துவர். ரோடோடென்ட்ரான், அவுரிநெல்லி எனப்படும் புளூபெர்ரி ஆகியவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுண்ணாம்பு விரும்பிகள் பலவற்றின் வேர்கள் சிட்ரிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்களைச் சுரந்து இரும்பையும் பாசுபரசையும் கரைத்து எடுத்துக்கொள்கின்றன.

காடும் உயிரினங்களும்

நடு ஐரோப்பாவில் இம்மண்ணின் முதன்மையான மரம் ஐரோப்பிய பீச் ஆகும். வறண்ட சரிவுகளில் இது உயரம் குறைந்து, கிளைகள் கோணலாக வளரும். மிகவும் வறண்ட இடங்களில் மென்மயிர் ஓக் மரமும், இலையடி வெண்மையான வெண்பீம் மரமும் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. மரங்கள் நெருங்கி வளராததால் தரையில் ஒளி விழுகிறது. ஆகவே சிறு செடிகளின் வகைகள் பெருகுகின்றன. மரங்கள் இலைவிடும் முன்னரே நீலமாகப் பூக்கும் எப்பாட்டிக்கா இவற்றுள் ஒன்று. ஓடு அமைக்கக் கால்சியம் தேவைப்படுவதால் நத்தைகளும் இக்காடுகளில் மிகுதி.

இச்சரிவுகள் நில ஆர்க்கிடுகளுக்குப் பெயர்பெற்றவை. இத்தகைய பீச் காடுகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட நெறிமுறையில் 9150 என்னும் எண்ணுடன் பாதுகாக்கப்பட வேண்டிய வாழிடமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. இங்குக் காணப்படும் சீமாட்டிக் காலணி ஆர்க்கிட்டின் விதைகள் தூசிபோல் நுண்ணியவை. அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லாததால், மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி முளைத்து வளர இயலாது. முளைத்த செடி பூக்கவும் பல ஆண்டுகள் ஆகும். மிகுதியாகப் பறிக்கப்பட்டதால் இங்கிலாந்தில் இது அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1930இல் யார்க்சயரின் சுண்ணாம்புக்கல் பகுதியில் ஒரேயொரு செடி கண்டுபிடிக்கப்பட்டு, அதன் இடம் மறைத்து வைக்கப்பட்டுக் காவல் காக்கப்பட்டது. 1983இல் கியூ தாவரவியல் பூங்காவில் தொடங்கிய ஆர்க்கிட் திட்டத்தின் மூலம் நாற்றுகள் வளர்க்கப்பட்டு மீண்டும் நடப்பட்டன.

வேளாண்மை

ஆழமின்மையாலும் கற்களாலும் ரெண்ட்சினா நிலங்கள் உழவுக்குக் கடினமானவை. மேய்ச்சலுக்கும் திராட்சைக்கும் அவை பயன்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்சீரா என்னும் சிறுபூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தாக்கி அழித்தது. இதற்குத் தீர்வாக, பூச்சியை எதிர்க்கும் அமெரிக்கக் காட்டுத்திராட்சையின் வேர்த்தண்டில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக்கட்டினர். ஆனால் கொன்யாக் போன்ற சுண்ணாம்பு நிலப்பகுதிகளில் ஒட்டுச்செடிகள் பச்சையச்சோகையால் நலிந்தன. சுண்ணாம்பைத் தாங்கும் காட்டுத்திராட்சையைத் தேடி, பியேர் வியாலா என்னும் பேராசிரியர் 1887இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டெக்சாசின் வறண்ட சுண்ணாம்புக்கல் குன்றுகளில் இயற்கையாக வளரும் பெர்லாண்டியரி திராட்சை இதற்கு ஏற்றதென அவர் பரிந்துரைத்தார். அதன் தண்டுகள் எளிதில் வேர்விடாததால், பிற திராட்சைகளுடன் கலப்பினம் செய்யப்பட்ட வேர்த்தண்டுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

மண்ணரிப்பும் பாதுகாப்பும்

காட்டின் மேற்கவிகை மழைத்துளிகளின் வேகத்தைத் தணிக்கிறது. உதிர்ந்த இலைகள் தரையை மூடுகின்றன. வேர்கள் கற்களையும் மண்ணையும் பிணைக்கின்றன. சரிவிலுள்ள காட்டை முற்றாக வெட்டினால் இம்மூன்றும் ஒருசேர நீங்கிவிடும். வெயில் நேரடியாகப் படுவதால் மட்கும் விரைவாகச் சிதைகிறது. தொடர்ந்து கால்நடைகள் மேய்ந்தால் புதிய கன்றுகள் தலைதூக்குவதில்லை. மண் சரிவின் அடிக்கும் பாறை வெடிப்புகளுக்கும் அடித்துச் செல்லப்பட்டு, வெறும் பாறை எஞ்சுகிறது.

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, இன்றைய சுலோவீனியாவிலும் இத்தாலியிலும் பரவியுள்ள கார்சுட்டு மேட்டுநிலம் ஆகும். பல நூற்றாண்டுகளாக மரம் வெட்டியதாலும் மேய்ச்சலாலும் அது 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் கற்பாலையாகக் காட்சியளித்தது. தொடக்கத்தில் மரம் வளர்க்க எடுத்த முயற்சிகள் தோல்வியுற்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், வறட்சியையும் சுண்ணாம்பையும் தாங்கும் கரும்பைன் மரங்களை நட்டே காட்டை மீட்க முடிந்தது. எனினும் பைன் எளிதில் தீப்பற்றக்கூடியது. 2022 சூலையில் இப்பகுதியில் பரவிய தீ, சுலோவீனியாவின் வரலாற்றிலேயே மிகப்பெரிய காட்டுத்தீயாகும். தென்சீனாவின் குய்சோ மாகாணத்திலும் சுண்ணாம்புக்கல் சரிவுகள் இதேபோல் மண்ணிழந்துள்ளன. அங்கு இது பாறைப் பாலையாதல் எனப்படுகிறது.

காலநிலை மாற்றத்தால் கோடை வறட்சிகள் கடுமையாவது மற்றொரு சிக்கலாகும். 2018இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் நடு ஐரோப்பாவில் ஏற்பட்ட வறட்சியில் ஏராளமான பீச் மரங்கள் பட்டுப்போயின. நீரிருப்பு குறைந்த ஆழமற்ற மண்ணில் இத்தகைய இடர் கூடுதலாகும். எனவே இச்சரிவுகளில் முழுவெட்டைத் தவிர்த்து, மரங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து வெட்டுவதும், பட்ட மரங்களில் ஒரு பகுதியைத் தரையிலேயே விடுவதும், மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும் பாதுகாப்பு முறைகளாகக் கொள்ளப்படுகின்றன.

வகைப்பாடு

• பன்னாட்டு மண்வள வகைப்பாடு: பாறைக்குமேல் மிக மெல்லியதாக உள்ள ரெண்ட்சினாக்கள் லெப்டோசால் பிரிவில் ரெண்ட்சிக் லெப்டோசால் எனப்படும்.
• அமெரிக்க வகைப்பாடு: மொல்லிசால் வரிசையில் ரெண்டால் துணைவரிசை.
• செருமன் வகைப்பாடு: தூய கார்பனேட்டுப் பாறைமீது அமைந்தது ரெண்ட்சினா, காற்றடி வண்டல் போன்ற, கார்பனேட்டு ஓரளவே கலந்த படிவுகள்மீது அமைந்தது பாராரெண்ட்சினா.

இவற்றையும் பார்க்க

• சுண்ணாம்புக்கல்
• மட்கு
• கரிசல் மண்
• மண்ணரிப்பு