தூரத்தில் வேலை, வீட்டில் காட்சி!
காசு செலவில்லாமல் செய்வது எப்படி?

கல்லூரியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் ஓடுகிறது. ஆராய்ச்சி மாணவனின் கணக்குகள் எல்லாம் அதில்தான். மாணவனோ வீட்டில் இருக்கிறான். அவன் மேஜை மேல் இருப்பது சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர்.

அங்கே உருவாகும் வரைபடம் இங்கே தெரிய வேண்டும். முடியுமா?

முடியும்! அதற்குத்தான் "எக்ஸ்" இருக்கிறது.

பெயர் வந்த கதை

அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், 1984-ம் ஆண்டு "எக்ஸ்" பிறந்தது. ராபர்ட் ஷைப்ளர் என்பவர் அதை உருவாக்கினார். அதற்கு முன் "டபிள்யூ" என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு அடுத்த எழுத்து "எக்ஸ்" அல்லவா? அதுவே பெயர் ஆகிவிட்டது!

அதன் 11-வது பதிப்பு 1987-ல் வந்தது. இன்றும் புழங்குவது அந்தப் பதிப்புதான்.

எல்லாம் தலைகீழ்!

"சர்வர்" என்றால் தூரத்துக் கம்ப்யூட்டர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ். திரை இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் "எக்ஸ் சர்வர்" வேண்டும். "படம் போட இடம் கொடு" என்று தூரத்துப் புரோகிராம் கேட்கும். இது இடம் கொடுக்கும்.

எது மலிவு?

விலைக்கு விற்கும் எக்ஸ் சர்வர்கள் உண்டு. ஆனால், வீட்டு உபயோகத்துக்கு இலவசமே போதும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு "விசிஎக்ஸ்சர்வ்", "சிக்வின்-எக்ஸ்" இரண்டும் இலவசம். "மோபாஎக்ஸ்டெர்ம்" வீட்டுப் பதிப்பும் இலவசம். தூரத்துக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் வசதியும் அதிலேயே இருப்பதால், புதியவர்களுக்கு எளிது. மேக் கம்ப்யூட்டருக்கு "எக்ஸ்குவார்ட்ஸ்" இலவசம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கவலையே இல்லை, கூடவே வந்துவிடும்.

கதவைத் திறந்து போடாதீர்கள்!

எக்ஸ் அனுப்பும் செய்தியை வழியில் பிறர் படிக்க முடியும். ஆகவே "எஸ்.எஸ்.எச்." என்னும் பூட்டிய பாதை வழியாகவே அனுப்ப வேண்டும்.

"யாரும் வரலாம்" என்று அனுமதி கொடுக்கும் வசதியும் உண்டு. அதைத் தொடாதீர்கள். உள்ளே வந்த புரோகிராம், நீங்கள் தட்டும் எழுத்துக்களை எல்லாம் கவனிக்க முடியும். பாங்கி ரகசிய எண்ணும் அதில் அடங்கும்!

இணைப்பு அறுந்தால்?

எக்ஸில் ஒரு பெரிய குறை உண்டு. நடுவில் இணைப்பு அறுந்தால், புரோகிராமும் நின்றுவிடும். ஆறு மணி நேரம் ஓடிய கணக்கு அரை நொடியில் போய்விடும்!

இணைப்பு மெதுவாக இருந்தாலும் தொல்லைதான்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது "வி.என்.சி." முறை. அதில் திரையின் படம் மட்டும் வீட்டுக்கு வரும். இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கும். மறுபடி இணைத்தால், விட்ட இடத்தில் தொடரலாம். "டைகர் வி.என்.சி." இலவசம். "எக்ஸ்2கோ" என்பதும் இதே வசதியைத் தரும், அதுவும் இலவசம். இரண்டுக்கும் தூரத்துக் கம்ப்யூட்டரிலும் புரோகிராம் போட வேண்டும்.

பக்கத்து அறையில் உள்ள கம்ப்யூட்டர் என்றால் எக்ஸ். வெளியூர்க் கம்ப்யூட்டர் என்றால் வி.என்.சி. இதுதான் கணக்கு.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பத்து நாள் பழகிப் பாருங்கள். போதவில்லை என்றால், பிறகு பணப்பையைத் திறக்கலாம்!