வானம் பார்த்த பூமியில் வானொலி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் வழியெங்கும் கரிசல் நிலமும் செவல் நிலமும் மாறிமாறி விரிந்து கிடக்கின்றன. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிக்கும். கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல் விளையும். மற்றபடி சோளம், கம்பு, உளுந்து, பருத்தி, மல்லி என மானாவாரிப் பயிர்களே இம்மண்ணின் வாழ்வு. அவை வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்பவை. புரட்டாசியில் விதையை மண்ணில் இடுவதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா என்பது உழவர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினா. முதல் தூறலை நம்பி விதைத்தபின் மழை பொய்த்தால் முளைத்த பயிர் கருகிப்போகும். விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் மட்டும் எஞ்சும்.

இத்தகைய உழவருக்குத் ‘தமிழகத்தில் பரவலாக மழை பெய்யக்கூடும்’ என்னும் செய்தியால் பயன் சிறிதே. எந்த வட்டாரத்தில், எப்போது, எவ்வளவு என்று சொல்லும் குரலே அவருக்குத் தேவை. வட்டார வானொலியின் தேவை பிறக்குமிடம் இதுவே.

சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தென்மாவட்டங்களுக்கெனத் திருநெல்வேலி நிலையம் 1963இல் தோன்றியது. அருப்புக்கோட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரையில் நிலையம் அமைந்தது 1987இல்தான். அதுவரை இப்பகுதி மக்கள் தொலைவிலிருந்து வந்த குரல்களையே கேட்டனர். இரவில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் தெளிவாகக் கேட்டது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே பரவும். இரவிலோ வளிமண்டலத்தின் மேலுள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். பண்பலை அவ்வாறன்று, அது ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் ஒலிபரப்புக் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவு எட்டும். கொடைக்கானல் மலைமேல் அமைந்த பண்பலை நிலையம் பல மாவட்டங்களில் கேட்பதற்கு மலையின் உயரமே துணை.

அக்காலத்தில் வானொலிப் பெட்டி எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. ஊராட்சியின் வானொலி அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியே மாலைச் செய்தி ஊர்ப் பொதுவில் ஒலிக்கும். ஒரே செய்தியைப் பலர் கூடிக் கேட்டதால் அங்கேயே வாதமும் எழுந்தது. இப்படிக் கூடிக் கேட்பதன் ஆற்றலை ஆராய 1956இல் பூனா வட்டாரத்தை உள்ளடக்கிய மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களைத் தேர்ந்து, யுனெஸ்கோ துணையுடன் ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஊரார் குழுவாக அமர்ந்து கேட்டனர்; கேட்டதைப் பற்றிப் பேசினர்; ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். அவற்றுக்கான மறுமொழி அடுத்து வரும் ஒலிபரப்புகளில் இடம்பெற்றது. கேட்பவரின் வினாவும் நிகழ்ச்சியின் பகுதியாயிற்று.

தமிழகத்தில் இதன் புகழ்பெற்ற சான்று காவிரிப் படுகையிலிருந்து கிடைக்கிறது. 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு, ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வகையை இடைவிடாமல் விளக்கியது. தஞ்சை உழவர் அந்நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் சூட்டினர். ஆனால் அது பாசன நிலத்தின் வெற்றி. அணைத் தண்ணீர் வரும் நாளை முன்கூட்டியே அறிவிக்க முடிந்த மண் அது. மழை வரும் நாளை அவ்வாறு உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே மானாவாரி உழவரிடம் பேசும் வானொலி, உறுதி தருவதைவிடத் துணிவையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தர வேண்டியதாகிறது.

மழைக்கு முன் விதைக்கும் முறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். கரிசலில் பருவமழை தொடங்குவதற்குச் சிலநாள் முன்பே சோள விதையைச் சற்று ஆழமாக, ஏறத்தாழ 5 செ.மீ. அளவில், உலர்ந்த மண்ணில் இடுமாறு வேளாண் வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். ஆழத்தில் உள்ள விதை சிறு தூறலுக்கு ஏமாறாது. மண் நன்கு நனைந்த பின்னரே முளைக்கும். அருப்புக்கோட்டையில் இயங்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வறண்ட நிலச் சாகுபடியையே ஆய்கிறது. எனினும் ‘பருவத்திற்கு முந்தைய உலர் விதைப்பு’ என்று ஒலிவாங்கியில் படித்தால் அது செவியில் நில்லாது. ‘முழங்கால் நீளமா, மூணு விரற்கடையா?’ என்று ஓர் உழவர் கேட்க, வல்லுநர் விரல்கணக்கில் விடை கூறினால் செய்தி மனத்தில் பதியும். எழுத்தைப் படிப்பவர் திரும்பப் புரட்டலாம், கேட்பவருக்கு அவ்வாய்ப்பில்லை. பேச்சு நிகழ்ச்சிகளில் உரையாடல் பெருகியதற்கு இதுவே முதன்மைக் காரணம். திருநெல்வேலி நிலையத்தில் பணியாற்றிய வேளாண் பட்டதாரியான தென்கச்சி கோ.சுவாமிநாதன், பின்னர்ச் சென்னையில் ‘இன்று ஒரு தகவல்’ வழங்கியபோதும் திண்ணைப் பேச்சின் அமைப்பைக் கைவிடவில்லை.

செய்தியிலும் இதே அண்மை வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள பகுதிநேரச் செய்தியாளர் அனுப்பும் குறிப்புகள் மாநிலச் செய்தியில் ஓரிரு வரிகளாகச் சுருங்கும். அவற்றுக்கு இடம் தருவதற்கே மாவட்டச் செய்திமடல் போன்ற நிகழ்ச்சிகள் தோன்றின. ஒரு கண்மாயின் கரை உடைந்தது என்பது தலைநகருக்குச் சிறுசெய்தி. அதன் கீழே நிலம் வைத்திருப்பவருக்கு அதுவே அன்றைய தலைப்புச் செய்தி.

இன்று கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை மட்டுமே கேட்கும். மத்திய அலை கேட்காது. இணையச் செயலி வழியாக எந்த நிலையத்தையும் உலகில் எங்கிருந்தும் கேட்க முடிகிறது. பல நிலையங்களின் ஒலிபரப்பை ஒன்றாகத் தொகுத்து வழங்கும் போக்கும் வளர்ந்துள்ளது. ஒலி தெளிவாகிறது, செலவும் குறைகிறது. புரட்டாசி மாதத்தில் திருச்சுழிப் பக்கத்து உழவரோ, எட்டுத் திசைச் செய்திகளுக்கு இடையே, தம் மண்ணில் விதைக்கலாமா என்பதற்கான விடையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.