குடியிலிருந்து மீள்பவருக்கு நம் நிலம் என்ன தரும்?

பஞ்சகவ்யாவில் சாணி, கோமியம், பால், தயிர், நெய்யோடு இளநீர், வாழைப்பழம், கொஞ்சம் கள்ளும் சேர்ப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அரசு அனுமதி உண்டு, அதனால் கள் கிடைப்பதில் சிரமமே இல்லை. ஒருநாள் கேனைத் திறந்து டிரம்மில் ஊற்றச் சொன்னேன். என்னிடம் வேலைக்கு வரும் தம்பி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். "சார், இத மட்டும் நீங்களே ஊத்திடுங்க" என்றார். அவர் குடியை விட்டு அன்றைக்கு நாற்பது நாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவருக்குப் பெரிய உதவி செய்கிறோம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்!

அன்றிலிருந்து கள்ளுக்குப் பதில் ஈஸ்ட்டும் நாட்டுச்சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேர்க்கிறேன். கரைசல் நன்றாகத்தான் வருகிறது. கள் உணவா, மதுவா என்று நம் விவசாயிகளிடையே நடக்கும் வாதத்துக்குள் நான் போகவில்லை. குடிநோயிலிருந்து மீள்கிறவருக்குக் கள்ளும் பிராந்தியும் ஒன்றுதான்.

எங்கள் கனகசெட்டிக்குளம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியின் வடக்கு முனை. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சவுக்கு, முந்திரி, மல்லாட்டை. கொஞ்சம் தாண்டினால் தமிழ்நாடு. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். நகைக்கடன் பிரிவில் இருந்தபோது விண்ணப்பத்தில் 'விவசாயச் செலவு' என்று எழுதியிருக்கும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். மீட்க ஆள் வராமல் ஏலத்துக்குப் போன பொட்டலங்களுக்குப் பின்னால் எத்தனை வீட்டில் குடி இருந்தது என்று விசாரித்ததில்லை. ஓய்வுபெற்று இங்கே இரண்டு காணியில் இயற்கை விவசாயம் தொடங்கிய பிறகுதான் அந்தச் 'செலவை'ப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2023 மே மாதம் எங்களுக்கு வடக்கே, மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம் மீனவ கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் இந்தத் தம்பியின் வீட்டம்மா என்னிடம் வந்து, "எப்படியாவது ஒரு வழி பண்ணுங்க சார்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் சிலர் ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிப்பவர்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லித் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்கு உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரும். உயிரே போகலாம். அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது மருத்துவர், மருந்து, பி1 வைட்டமின் ஊசி. வெயிலில் மண்வெட்டி அல்ல. நாங்கள் கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவுக்குத்தான் முதலில் போனோம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது. சென்னையில் 1980ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்திருக்கிறது. அங்கேயும் மருந்தும் ஆலோசனையும்தான் அடிப்படை. நிலத்தின் முறை அதற்குப் பிறகுதான்.

பிறகு நிலம் என்ன செய்கிறது? குடி மூளைக்குப் பாடம் நடத்தி வைத்திருக்கிறது. இந்த நேரம், இந்த முக்கு, இந்த ஆட்கள், இந்த வாசனை வந்தால் அடுத்து கிளாஸ் வரும் என்று மூளைக்கு மனப்பாடம். குடியை விட்ட பின்னும் அந்தப் பாடம் அழிவதில்லை. மாலை ஐந்து மணி ஆனதும் வாய் ஊறுகிறது, கை பரபரக்கிறது. இந்த ஏக்கம் அலை மாதிரி எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்கிறார்கள் ஆலோசகர்கள். கடற்கரைக்காரருக்கு அலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டு இருப்பது என்பதில்தான் சிக்கல்.

இதை நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு வேலை, மதியம் இரண்டுக்கு முடிவு, கையில் கூலி. மிச்ச நாள் முழுக்க அவருக்கு வெறுமை. இப்போது வேலையை இரண்டாக்கிவிட்டோம். காலையில் களை, பாத்தி. மதியம் வீடு. நாலரைக்குத் திரும்ப வந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர், மாட்டுக்குத் தீவனம். ஆறரை வரை ஓடிவிடும். நாற்றுக்கும் மாட்டுக்கும் ஒரு குணம் உண்டு, நேற்று என்ன செய்தாய் என்று கேட்காது, இன்றைக்கு வரவில்லை என்றால் மட்டும் தெரிந்துவிடும். இன்னொன்று பசி. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும்தான் குடிக்குத் திரும்ப இழுக்கும் என்று மீட்புக் குழுக்களில் சொல்வார்கள். வயல் வேலையில் களைப்பும் பசியும் கூடத்தானே செய்யும்? அதனால் வந்ததும் கேழ்வரகுக் கூழ், சுண்டல். அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுப்பது.

வேலையில்லாத நாளில் அவர் சைக்கிளில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்விடுவார். காசானும் வீரையும் அடர்ந்த பழைய கோயில்காடு அது. திருவிழாக் கூட்டத்தில் மட்டும் போவதில்லை. "என்ன செய்வீங்க தம்பி?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருப்பேன் சார்" என்றார். சும்மா உட்காருவது லேசில்லை. 1984ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை ஆனவர்களைப் பற்றி எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. குடிநோயாளிகளிடம் செய்த ஆய்வு இல்லை அது. ஆனாலும் மரத்தின் பக்கத்தில் உடம்பு அமைதியாகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இத்தாலியில் ரிமினி நகருக்கு அருகே சான் பத்ரிஞானோ என்று ஓர் இடம். 1978ல் தொடங்கியது. போதையிலிருந்து மீள வந்தவர்கள் கட்டணமில்லாமல் தங்கி, திராட்சைத் தோட்டம், மாடு, பாலாடைக்கட்டி என்று வேலை பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒயினும் தயாரிக்கிறார்கள்! அதே இடத்தில் ஆரம்ப காலத்தில் ஆட்களைச் சங்கிலியால் கட்டி வைத்ததாக வழக்கும் நடந்தது. கட்டாயப்படுத்தினால் தோட்டமும் ஜெயில்தான். 'வேலையே வைத்தியம்' என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிற ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது வைத்தியமில்லை, திருட்டு.

நம் மாதிரி விவசாயிகளிடம் மட்டும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதை நாம் பேசுவதே இல்லை. குடியை விடும் மாதங்களில் பலருக்கு மனச்சோர்வு வரும். ஒரு நிமிட வேகத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் பூச்சிமருந்து டப்பா இருக்கக் கூடாது. இலங்கையில் 1995ல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் நஞ்சுகளையும், 1998ல் எண்டோசல்பானையும் தடை செய்தார்கள். 1995க்கும் 2005க்கும் இடையில் அந்நாட்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் கொட்டகையில் இருப்பது வேப்பங்கொட்டைக் கரைசலும் மீன் அமிலமும்தான்.

ஆனால் நஞ்சில்லா விவசாயம் என்று பேசும் நாமே சவுக்கு வெட்டுக்கும் லோடு ஏற்றவும் ஆள் வந்தால் கூலியோடு குவார்ட்டருக்கும் காசு கொடுக்கிறோமே? நானும் கொடுத்தவன். கொடுக்காவிட்டால் ஆள் வராது என்று கணக்குச் சொல்வேன். இரண்டு வருஷமாக அந்தக் காசைக் கூலியிலேயே சேர்த்து, மதியச் சாப்பாடும் போடுகிறேன். ஒரு கோஷ்டி வராமல் போனது உண்மைதான். வேறு கோஷ்டி வந்தது.

தம்பிக்கு ஏழாவது மாதத்தில் மாசி மகத்தன்று சறுக்கிவிட்டது. ஒன்பது நாள் ஆளைக் காணோம். எனக்குக் கோபம். "இனிமேல் வர வேண்டாம்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஜிப்மருக்குத் திரும்ப அழைத்துப்போனபோது ஆலோசகர், "இந்த நோயில் சறுக்கலும் உண்டு சார், சர்க்கரை ஏறிட்டா நோயாளியைத் துரத்திடுவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பத்தாவது நாள் மாலை நாலரைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார். கத்தரி நாற்றில் பாதி வாடிப்போயிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, கூழை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு போனார். இப்போது பதினோரு மாதம் ஆகிறது.