வலுவிழந்த லாரி: காரணம் காணும் முறை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் லாரிகள் இந்தியாவின் நான்கு திசைகளிலும் ஓடுகின்றன. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, பெஹாலாவிலோ தாராதலாவிலோ சரக்கை இறக்கும் ஓட்டுநர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வண்டி ஆறேழு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டி. டயமண்டு ஹார்பர் சாலையில் மாஜெர்ஹாட் பாலம் இருக்கிறது. அது 2018 செப்டம்பரில் இடிந்து விழுந்து, 2020 டிசம்பரில் புதிதாகத் திறக்கப்பட்ட பாலம். அதன் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. "ரிங்கு தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கவேண்டும்" என்கிறார் ஒருவர். இறக்கினால் பெருஞ்செலவு, வண்டி பல நாள் நிற்கும், கடன் தவணையோ நிற்காது. அவர் என்ன செய்வது?

நேயர்களே, வைத்தியர் நாடி பார்க்குமுன் கத்தியை எடுப்பதில்லை. எஞ்சினுக்கும் அதுவே முறை. எளியதை முதலில் பார்த்து, அரியதைக் கடைசியில் பார்க்கவேண்டும்.

வண்டி இழுக்கவில்லை என்பதும் எஞ்சின் வலுவிழந்தது என்பதும் ஒன்றல்ல. பிரேக் பிடித்தபடியே இருந்தால் நல்ல எஞ்சினும் திணறும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் குற்றம் அங்கே இருக்கலாம். டயர்களில் காற்றுக் குறைந்தாலும் இழுவை குறையும். மேல் கியரில் மிதிக்கும்போது எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் பம்பின் நெம்புகோல் முழுவதும் திரும்புகிறதா என்பதையும் பார்த்துவிடவேண்டும்.

இவை சரியாயிருந்தால், இனி எஞ்சினைக் கவனிப்போம். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. இன்றைய லாரி எஞ்சினிலும் அப்படியே. பிஸ்டன், காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அதனால் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசல் தூறலாகப் பாய்ந்து தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே வலுவுக்கு வேண்டியவை மூன்று: காற்று, டீசல், அமுக்கம்.

இம்மூன்றில் எது குறைந்தது என்பதற்குப் புகையே முதற்சாட்சி. பெஹாலா மெக்கானிக்கிடம் சொல்ல வங்காளச் சொற்களும் உதவும்: கறுப்புப் புகை 'காலோ தோயா', வெள்ளைப் புகை 'ஷாதா தோயா', நீலப் புகை 'நீல் தோயா'.

கறுப்புப் புகை வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் கிழிந்திருக்கலாம். அப்போது சுமையில் ஏறும்போது சீறும் ஒலி கேட்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடியபடி சிக்கிக்கொண்டாலும் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் மூச்சுத் திணறும். இவை எவற்றிலும் இல்லையென்றால், நாசில்கள் தூறாமல் சொட்டுகின்றனவா என்று சோதிக்கவேண்டும்.

புகையே இல்லாமல் வலு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் டீசல் போதவில்லை. டீசல் ஃபில்டர் அடைப்பு, டாங்கியில் சேர்ந்த நீர், குழாய் இணைப்பில் புகும் காற்று ஆகியவற்றை முறையே பாருங்கள். ஒரு ஃபில்டரின் விலையில் தீரும் நோய்க்கு எஞ்சினை இறக்குவது அறியாமை.

வெள்ளைப் புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதைக் காட்டும். அமுக்கக் குறைவாலோ, டீசல் பாயும் நேரம் பிந்தியதாலோ இது நேரும். ரேடியேட்டர் நீரும் தொடர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும். நீலப் புகை, ஆயில் எரிவதன் அடையாளம். அது ரிங்குத் தேய்மானமாக இருக்கலாம். டர்போவின் சீல் கசிவாகவும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்படியானால் சிலிண்டரின் காற்றழுத்தம் பிஸ்டனைக் கடந்து கீழே கசிகிறது. டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்தபின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவுமானி வைத்து அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும். அளவு குறைந்து நின்றால் மட்டுமே எஞ்சினை இறக்கும் பேச்சுக்கு இடமுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பம்ப் எஞ்சின்களில் நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, வேலை செய்யாத சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அதன் குழாயில் டீசலின் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்குட்பட்ட வண்டிகளில், யூரியாக் கரைசல் தீர்ந்தாலும் கணினி தானே வலுவைக் குறைத்துவிடும். அங்கே ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பயணத்திலும் ஓடிய தூரம், ஊற்றிய டீசல், சேர்த்த ஆயில் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல வரும். அடைப்போ கிழிசலோ சில நாளில் வரும். எது வந்தது என்பதை அந்த நோட்டே சொல்லும். மொழி தெரியாத ஊரில், "எஞ்சினை இறக்கு" என்பவரிடம், "முதலில் ஃபில்டரைப் பார்ப்போம்" என்று துணிந்து சொல்லும் உறுதியையும் அது தரும்.