கொழுந்துத் தராசில் ஒரு கணித பாடம்

ராகலையைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளில் மாலை வேளையில் கொழுந்து நிறுக்கும் காட்சியைக் கண்டவர்கள், கணிதம் என்பது கரும்பலகைக்கு மட்டும் உரியதன்று என்பதை ஒப்புக்கொள்வர். தராசின் முள் நிற்கும் இடத்தைப் பொறுத்தே ஒரு முழுப் பேரா, அரைப் பேரா என்பது தீர்மானமாகின்றது. ஆயினும் அந்தத் தாயின் பிள்ளை மறுநாள் பாடசாலையில் பின்னமும் விகிதமும் கற்கும்போது, அவை வேறோர் உலகத்துச் சங்கதிகளாகவே அதற்குத் தோன்றுகின்றன. தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாளையது. சாதாரண தரப் பரீட்சையில் பலரது கனவு இந்த ஒரு பாடத்திலேயே முறிந்துபோகின்றது.

ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். ஒருவர் நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ பறிப்பதாக வைத்துக்கொண்டால், அது நான்கு கிலோ தூள். ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கிராம் போதும். ஆகவே ஒருவரின் ஒரு நாள் உழைப்பு இரண்டாயிரம் கோப்பைத் தேநீராகின்றது! 2021ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை இதனால் வகுத்துப் பார்த்தால், பறித்தவருக்குக் கோப்பையொன்றுக்குக் கிடைத்தது ஐம்பது சதம். பிள்ளைகள் இதனைத் தாமே வகுத்துக் கண்டறியட்டும். பிறகு நகரத்துத் தேநீர்க்கடையின் விலைப்பலகையையும் ஒருமுறை பார்க்கட்டும். வகுத்தல் எதற்கு என்று அதன்பின் எவரும் கேட்கப்போவதில்லை.

கூடையில் எத்தனை கொழுந்து இருக்கும் என்பதும் சுவையான வினாவே. ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. நூறு கொழுந்தை எண்ணிக் கடைத்தராசில் நிறுத்து, அந்நிறையால் கூடையின் நிறையை வகுத்து நூறால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். புள்ளிவிபரவியலின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்.

சமையலறைக்கு வருவோம். கொழும்பில் விரைவில் வேகும் பருப்பு மலையகத்தில் ஏன் பிடிவாதம் பிடிக்கின்றது? உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைகின்றது. ஏறத்தாழ முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை தாழ்கின்றது. நுவரெலியா நகரின் உயரம் 1,868 மீற்றர். எனவே அங்கு நீர் 94 பாகை செல்சியசை அண்டியே கொதித்துவிடும். குற்றம் பருப்பிலும் இல்லை, சமைப்பவரிடமும் இல்லை!

நம் முன்னோர் பின்னங்களுக்கு அழகிய பெயர்களைச் சூட்டியிருந்தனர். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவில் பாதியான அரைமா நாற்பதில் ஒன்று. முஸ்லிம் இல்லங்களில் சேமிப்பிலிருந்து கணக்கிடப்படும் ஸகாத்தின் அளவும் அதே நாற்பதில் ஒன்றுதான். தொகையை நான்கால் வகுத்துப் பின் பத்தால் வகுத்தால் போதும், கல்குலேட்டர் தேவையில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூலே அட்சரகணிதத்திற்கு அரபியிலும் ஐரோப்பிய மொழிகளிலும் பெயர் தந்தது. அந்நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளாலானது. சொத்தைப் பிள்ளைகளுக்கு நீதியாகப் பிரிப்பது எப்படி என்ற வீட்டுப் பிரச்சினைக்கு அந்தப் பெரிய கணிதம் இவ்வளவு இடம் அளித்ததை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ் நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை மதிப்பிட ஒரு வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். உண்மையா? கீழ்நாட்டிலிருந்து ராகலைச் சந்தைக்குப் பலாப்பழம் வரும்போது ஒரு வகுப்பே கூடிச் சோதித்துப் பார்க்கலாம். விடை பிழைத்தாலும் சுளை மிஞ்சும்.

ஈரத்திற்கென்றும் கூடைக்கென்றும் சில தோட்டங்களில் கொழுந்தின் நிறையில் அளவுக்கு மீறிக் கழிக்கப்படுவதாகத் தொழிலாளர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். நாளொன்றுக்கு இரண்டு கிலோ வீதம் இருபத்தைந்து நாட்களுக்குக் கழித்தால் ஐம்பது கிலோ கொழுந்து. தூளாகப் பார்த்தால் பதினொரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அடுப்பங்கரையில் கரித்துண்டால் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.