இளைப்பு நுரையீரலில், தாளம் தப்புவது இதயத்தில்

மார்கழிப் பனி இறங்கியதும் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஒரு வகை நோயாளிகள் கூடிவிடுவார்கள். முப்பது, நாற்பது வருடம் பீடி குடித்தவர்கள். பீடியைத் தொட்டே பார்க்காமல், விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து அதே அளவு புகையைக் குடித்த பெண்கள். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும். சாதாரணச் சளியாக ஆரம்பித்தது இரண்டே நாளில் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாத இளைப்பாக முற்றிவிடும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஆக்சிஜன் 84 என்று காட்டும். அதற்குப் பக்கத்தில் நாடித்துடிப்பு 138. அதுவும் நிலையாக நிற்காது. 120க்கும் 150க்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும். கூட வந்தவர்கள் பதறிப்போய்க் கேட்பார்கள்: “ஹார்ட் அட்டாக்கா டாக்டர்?”

இருக்கலாம், அதனால்தான் உடனே ஈசிஜி எடுக்கிறார்கள். ஆனால் பலருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. நுரையீரல் படும் பாட்டைத்தான் இதயம் சேர்ந்து படுகிறது. நுரையீரலுக்குக் கொடுக்கும் மருந்தும் சில சமயம் இதயத்தின் மேல் ஒரு அடி போடுகிறது.

உடம்பின் மற்ற பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். காற்று வராத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன் என்ற கணக்கு அது. ஒரு மூலை அடைத்தால் இந்தக் கணக்கு சரி. நுரையீரல் முழுக்க அடைத்துக்கொண்டால் எல்லாக் குழாய்களும் ஒன்றாகச் சுருங்குகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டிய வலது இதயம் முட்டி மோதுகிறது. அதன் மேலறை உப்புகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு இருப்பது அந்த மேலறையின் சுவரில்தான். வெளியேறாத கரியமில வாயுவால் ரத்தம் அமிலமாகிறது. இழுபட்டு, ஆக்சிஜனும் இல்லாமல் இருக்கும் அந்தச் சுவரின் செல்கள், கணுவின் உத்தரவுக்குக் காத்திராமல் ஆங்காங்கே தாமாகவே மின்பொறியைக் கிளப்புகின்றன.

இதை ஈசிஜி தாளில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பி அலை என்ற சிறு மேடு வரும். ஆரோக்கியமான இதயத்தில் எல்லா மேடும் ஒரே அச்சு. இந்த நோயாளியின் தாளில் ஒன்று கூராக இருக்கும், அடுத்தது தட்டையாக, அதற்கடுத்தது தலைகீழாக. குறைந்தது மூன்று வகை மேடுகள், நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிப்பு என்றால் அதற்கு மல்டிஃபோகல் ஏட்ரியல் டாக்கிகார்டியா என்று பெயர். 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 32 நோயாளிகளை வைத்து இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இது வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அடியில் நுரையீரல் நோய் இருக்கும்.

அவசரத்தில் பார்ப்பவர் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எண்ணிவிடுவது சகஜம். இரண்டிலும் நாடி தாறுமாறாக ஓடும். ஆனால் ஃபிப்ரிலேஷனில் பி அலையே இருக்காது. சிஓபிடி நோயாளிகளுக்கு அதுவும் கணிசமாக வருகிறது என்பதால் குழப்பம் கூடுகிறது. பிரித்தறிவது ஏட்டுப் படிப்புக்காக அல்ல. ஃபிப்ரிலேஷன் என்றால் மேலறையில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவை. பல வகை மேடுகள் காட்டும் மல்டிஃபோகல் துடிப்புக்கு, அது ஒன்றுக்காக மட்டும், அந்த மாத்திரை தேவையில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தாலும் அது அடங்காது. நாடியைக் குறைக்கக் கொடுக்கும் டிஜாக்சினாலும் பெரிதாகப் பயனில்லை, அளவு ஏறினால் புதிய தாளக்கோளாறுதான் வரும். மூச்சைச் சரிசெய்தால் பெரும்பாலும் தானாக அடங்குகிறது.

இனி மருந்து. இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது மூச்சுக்குழலைத் திறக்கும் சால்பியூடமால் 100 மைக்ரோகிராம். நெபுலைசரில் ஊற்றும் ஒரு குப்பியில் 2.5 மில்லிகிராம், அதாவது 25 மடங்கு. அதில் பெரும்பகுதி மாஸ்க் ஓரமாகப் புகையாய்ப் போய்விடும் என்றாலும், மீதி மூச்சுக்குழலோடு நிற்பதில்லை, இதயத்தையும் விரட்டுகிறது. நெபுலைசர் முடிந்ததும் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். கூடவே ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை அது செல்களுக்குள் தள்ளிவிடுகிறது. ஸ்டீராய்டும் கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃப்ரூசமைடும் தம் பங்குக்குப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் தாளம் எளிதில் தப்பும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. இளைப்பு என்று போனால் டெரிபிலின் ஊசி கேட்டு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிலிருக்கும் தியோஃபிலின், 1888இல் ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோசல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு: ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகும். புகைப்பவரின் கல்லீரல் இதை வேகமாகச் சிதைத்துவிடும். அதே ஆள் மருத்துவமனையில் படுத்து பீடியை நிறுத்தினால், மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் மருந்து ஏறும். சளிக்குச் சிப்ரோஃப்ளாக்சசினோ கிளாரித்ரோமைசினோ சேர்த்தால் இன்னும் ஏறும். திடீர் இளைப்புக்கு இந்த ஊசி வேண்டாம் என்றே சர்வதேச ‘கோல்டு’ வழிகாட்டி சொல்கிறது. என் பார்வையில் பழக்கம்தான் இதை உயிரோடு வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நெபுலைசரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அடைத்த மூச்சுக்குழலைத் திறக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. கேட்க வேண்டியது வேறு: பொட்டாசியம் பார்த்தாகிவிட்டதா? வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது?

ஆக்சிஜனுக்கும் அளவு உண்டு. “நிறைய வையுங்கள்” என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். இந்த நோயில் இலக்கு 88 முதல் 92 சதவீதம்தான். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கம்வரை போகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த குழுவில் இறப்பு 9 சதவீதம். அளந்து கொடுத்த குழுவில் 4.

இளைப்பு தணிந்து வீடு திரும்பிய பிறகும் இதயம் சில வாரம் பலவீனமாகவே இருக்கிறது. 16,000க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளின் தரவுகளை அலசி 2018இல் வெளிவந்த கணக்கின்படி, இளைப்பு திடீரென முற்றிய முதல் 30 நாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து அதற்கு முன்பைவிடச் சுமார் நான்கு மடங்கு. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குச் சுமார் பத்து மடங்கு. அந்த ஒரு மாதத்தில் படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் ‘பழைய இளைப்புதான்’ என்று இன்ஹேலரை அழுத்திக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மூச்சு சீரான பிறகு இன்னொரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தாளக்கோளாறு இருந்தது, அது அடங்கிவிட்டதா என்பதைப் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பனிக்காலத்தில் வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், பழைய ஈசிஜி தாளும் மாத்திரை அட்டைகளும் இருக்கும் பை அவருக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.